மேட்டில் ஓடிய ஆறு

என் தங்கைக்குக் கடலுக்கு அடியில் நிலம் இருக்கிறது. பட்டா போட்ட நிலமில்லை. கப்பலில் போய் அளந்து, வரைபடம் போட்டு, அவள் பேர் வாங்கிய நிலம். எனக்கு ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை. என் காலடியில் இருப்பது முதலாளியின் நிலம். எதை எடுத்தாலும் அவளையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது எனக்கு முப்பது வருஷப் பழக்கம். பொறாமை என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் வேறு சொல் அகப்படவில்லை. பங்காளி மேல் பொறாமைப்பட்டால் ஊருக்குப் புரியும். கூடப் பிறந்த தங்கச்சி மேல் பொறாமைப்படுகிறவனை என்ன சொல்வார்கள் என்று தெரியாததால் இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

அவளுடைய வேலை எனக்கு நன்றாகவே தெரியும். தெரியாதவன் பொறாமைப்பட முடியாது. சென்னையிலிருந்து கப்பலில் போவார்கள். கப்பலின் அடியில் உள்ள கருவி கடலுக்குள் ஒலியை அனுப்பும். அது தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து அந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கணக்கிடுவார்கள். ஏர் ஓட்டுகிற மாதிரி கப்பல் போன தடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பி வரும், மறுபடி போகும். வாரக்கணக்கில் இதே வேலை. கடைசியில் கடல் தரையின் மேடு பள்ளம் முழுக்கக் காகிதத்தில் வந்து விழும்.

அந்தக் காகிதத்தில் அவள் கண்டது ஒரு பழைய கடற்கரை. இருபதாயிரம் வருஷங்களுக்கு முன்பு உலகத்துத் தண்ணீரில் ஒரு பங்கு வடக்கே பனியாக உறைந்து கிடந்ததாம். அதனால் கடல் இப்போது இருப்பதைவிட எவ்வளவோ கீழே, எவ்வளவோ தள்ளி இருந்திருக்கிறது. இன்று மீன் வலை போடும் இடத்தில் அன்று ஆறு ஓடியிருக்கிறது, மணல்மேடுகள் இருந்திருக்கின்றன, மணலுக்குப் பின்னால் உப்பங்கழி தேங்கியிருக்கிறது. பனி உருக உருகக் கடல் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. மூடியதே தவிர அழிக்கவில்லை. மணல்மேடுகள் கல்லாக இறுகி அப்படியே நிற்கின்றன. ஆற்றின் தடம் சேறு படிந்தும் மறையாமல் அப்படியே வளைந்து போகிறது.

முதல் தடவை இதை அவள் எங்கள் வீட்டில் சொன்னபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"அங்க ஆளுக இருந்தாங்களா கண்ணு?"

"இருந்திருக்கலாமுங்கம்மா. இன்னும் தெரியலைங்க."

"பாவம். தண்ணி ஏறுனப்ப எங்க போனாங்களோ."

மூன்று நாள் அம்மா அந்தப் பேர் தெரியாத மனிதர்களுக்காகக் கவலைப்பட்டாள். வெந்நீர் போடும்போதுகூட, குழந்தை குட்டிகளோடு எப்படிப் போயிருப்பார்கள் என்றாள். எஸ்டேட்டில் நான் எத்தனையோ வருஷமாக வேலை பார்க்கிறேன். ஒரு நாள்கூட அம்மா என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்பாள், அவ்வளவுதான்.

இதில் என்னை எரித்தது வேறு. அந்தப் படிப்பு முதலில் என்னுடைய ஆசை. மலையில் பாக்சைட் தாது எடுக்க வந்தவர்கள் சின்னச் சுத்தியலால் பாறையைத் தட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து எனக்கு வந்த ஆசை. எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டில் என் தலைமாட்டில் கற்களை அடுக்கி வைத்திருந்தேன். இந்தக் கல் எத்தனை வருஷத்துக் கல் என்று வாய்க்கு வந்ததை அவளிடம் அளப்பேன். அவள் வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். அவளுக்கு ஆசை பிடித்ததே என்னைப் பார்த்துத்தான்.

சென்னையில் ஒரு கல்லூரியில் நிலவியல் படிக்க எனக்குத்தான் முதலில் இடம் கிடைத்தது. இரண்டு பேரில் ஒருவரைத்தான் படிக்க அனுப்ப முடியும் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். மூத்தவன், ஆண்பிள்ளை, நான் போனேன். பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்ன காரணம்: பள்ளியில் கொடுத்த சான்றிதழில் முத்திரை சரியாக இல்லையென்று கல்லூரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உடு சாமி, நமக்கு அவ்வளவுதான்" என்றார். மறுநாளே எஸ்டேட் ஆபீசில் என்னைப் பற்றிச் சொல்லி வைத்தார்.

உண்மைக் காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கு முடியவில்லை. வேர்வை, கொசு, ஒரே அறையில் ஆறு பேர், இங்கிலீஷில் பாடம். ஜன்னலைத் திறந்தால் கண் போய் நிற்பதற்கு ஒரு மேடு கிடையாது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். யாரும் கேட்கக் கூடாதென்று குழாய். பன்னிரண்டாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். சேலத்திலிருந்து பஸ் மலை ஏறி, பாதி வளைவுகள் தாண்டியதும் முகத்தில் குளிர்காற்று பட்டது. அந்த நிமிஷம்போல நான் சந்தோஷப்பட்டதே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு அதே படிப்புக்கு இடம் கிடைத்தது. அப்பா அவளை அனுப்பினார். போனவள் ஒரு தடவைகூட அழுததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் மனதுக்குள் ஒரு பாட்டு ஓட ஆரம்பித்தது. நான் மட்டும் போயிருந்தால். நான் மட்டும் படித்திருந்தால். அவள் பேர் பேப்பரில் வந்தபோது, அது என் பேராக இருந்திருக்கும் என்று நினைத்தேன். சான்றிதழ்க் கதையைச் சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அதை நானே பாதி நம்பிவிட்டேன். முத்திரை சரியில்லாததால் வாழ்க்கை போனவன் என்று எஸ்டேட்டில் என்னைப் பற்றி இரக்கமாகப் பேசுவார்கள். அதைக் கேட்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

எதுவுமே தெரியாத ஆளும் இல்லை நான். காபித் தோட்டத்தில் மழைத்தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு போகாமல் இருக்கச் சரிவில் குறுக்காகக் குழி வெட்டுவோம். எல்லாக் குழியும் ஒரே மட்டத்தில் போக வேண்டும். மூங்கிலில் செய்த இரட்டைக் கால் சட்டத்தில் கயிறு கட்டி, கல்லைத் தொங்கவிட்டு, மட்டம் பார்த்து முளை அடிப்பதில் என்னை மிஞ்ச சேர்வராயன் மலையில் ஆள் இல்லை. நானே சொல்லிக்கொள்ளவில்லை, பக்கத்து எஸ்டேட்காரர்கள் கூப்பிட்டு அனுப்புவார்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் காண்டூர் கோடு போட்ட வரைபடத்தைக் கையில் கொடுத்தால் போதும், நிலத்தைப் பார்க்காமலே எங்கே மேடு, எங்கே தண்ணீர் இறங்கும் என்று சொல்லிவிடுவேன். கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண் ஏறினால் மேடு, இறங்கினால் பள்ளம். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அவள் வருஷம் தவறாமல் வருவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தபோது ஏற்காட்டில் ஒரு பள்ளியில் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அதற்காக நீள அட்டைக்குழாயில் பெரிய வரைபடம் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். உறவுக்காரர்கள் பார்க்க வேண்டும் என்றதும், காபி காயவைக்கும் சிமெண்ட் களத்தில் விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாள். பழம் எடுக்கிற காலம் இல்லாததால் களம் காலியாகக் கிடந்தது. கடற்கரைக் கோடு எதுவும் இல்லாத, கடலுக்கு நடுவில் ஒரு துண்டை மட்டும் பெரிதாக்கிய படம். நீலம் கிடையாது. கறுப்புக் கோடுகளும் எண்களும் மட்டும்தான்.

"கடலை மறந்துட்டுப் பாருங்க. இது நிலமுன்னு நெனச்சுக்கங்க. இது ஆறு. இதெல்லாம் மணல்மேடு" என்று விரலால் காட்டினாள்.

நான் கடலை மறந்துவிட்டுப் பார்த்தேன். நிலமென்று நினைத்துக்கொண்டேன். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு நாற்பதில் ஆரம்பிக்கிறது, ஐம்பதைத் தாண்டுகிறது, எழுபதில் போய் முடிகிறது. ஆறு மேட்டில் ஏறுகிறது. அதுவும் பள்ளத்தில் ஓடவில்லை, மலைமுகட்டின் மேலேயே ஓடுகிறது. மணல்மேடு என்று காட்டிய இடமெல்லாம் குழி. படித்த கழுதை, இவ்வளவு பெரிய தப்பைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அண்ணன் என்றால் அதைத்தான் செய்வான். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது. "இன்னிக்கு என்ன, மொகத்துல நொம்ப வெளிச்சமா இருக்குது" என்றுகூட அம்மா கேட்டாள்.

மறுநாள் பள்ளி அரங்கில் முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள், பேச வந்தவரின் அண்ணன் என்பதால். அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். நன்றாகப் பேசினாள் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஏற்காடு ஏரிக்கரையில் கோடைக்கும் மழைக்கும் தண்ணீர் நிற்கும் மட்டம் மாறுகிறது அல்லவா, ஒவ்வொரு மட்டத்துக்கும் கரையில் ஒரு கோடு விழுகிறது அல்லவா, அப்படித்தான் கடலும் ஏறும்போது தங்கித் தங்கி ஏறியது, தங்கிய இடத்திலெல்லாம் ஒரு கரையை விட்டுவிட்டுப் போனது என்றாள். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். யாராவது கேள்வி கேட்கலாம் என்றதும் நான் எழுந்தேன்.

"நானும் காண்டூர் பார்க்கத் தெரிஞ்சவந்தானுங்க. இந்த ஆறு நாப்பதுல ஆரம்பிச்சு எழுபதுக்குப் போகுது. ஆறு எந்த ஊர்லயாச்சும் மேட்டுக்கு ஏறுமாங்க?"

அரங்கு முழுக்கச் சிரித்தது. அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். இரண்டாவது வரிசையிலிருந்து ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்தது.

"சார், அது ஒசரம் இல்லைங்க, ஆழமுங்க. எழுபதுன்னா நாப்பதை விடப் பள்ளமுங்க சார்."

மலையில் எண் ஏறினால் உயரம். கடலில் எண் ஏறினால் ஆழம். முப்பது வருஷம் மலைச்சரிவில் முளை அடித்தவனுக்கு இது தோன்றவே இல்லை. இப்போது அரங்கு என்னைப் பார்த்துச் சிரித்தது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்தேன். அவள் இடத்தில் நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

"தப்பு என் மேலதானுங்க" என்றாள் அவள். "கடலை மறந்துட்டுப் பாருங்கன்னு நான்தான் அவருக்குச் சொன்னேன். நான் சொன்னபடியே அவரு பார்த்தாரு. என்ற அண்ணன் மலையில கோடு போட்டா மழைத்தண்ணி அந்தக் கோட்டைத் தாண்டாதுங்க. எனக்கு முன்னாடி இந்தப் படிப்புக்கு எடம் கெடைச்சதும் அவருக்குத்தான். சர்டிபிகேட்ல முத்திரை சரியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இல்லைன்னா இன்னிக்கு இந்த மேடையில அவருதான் நின்னுருப்பாரு."

பிள்ளைகள் எனக்குக் கை தட்டினார்கள். சிரித்த அதே பிள்ளைகள். தலைமை ஆசிரியை எழுந்து வந்து எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். அந்தச் சால்வையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடலாம்போல இருந்தது. அவள் என்னை அவமானப்படுத்தியிருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பேன். காப்பாற்றியதை என்னால் தாங்க முடியவில்லை. நல்லவள் என்ற பேரையும் அவளே எடுத்துக்கொண்டாளே என்றுதான் அப்போதும் என் புத்தி போயிற்று.

மறுநாள் காலையில் அவளை வழியனுப்ப ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சேலம் பஸ் நின்றிருந்தது, டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலோரம் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். அட்டைக்குழாயை என் கையில் கொடுத்தாள்.

"இது உங்களுக்குத்தானுங்கண்ணா. உள்ள ஒரு லெட்டரும் இருக்குது. அதை இப்பவே பாருங்க."

குழாயின் மூடியைத் திறந்தேன். வரைபடத்தின் சுருளுக்குள் ஒரு கவர். காகிதம் பழுப்பேறி, மடிப்பில் கிழிந்திருந்தது. மேலே அப்பாவின் பேர், லைன் வீட்டு விலாசம். உள்ளே கல்லூரியிலிருந்து தமிழில் டைப் அடித்த நாலு வரி. தங்கள் மகன் காரணம் தெரிவிக்காமல் விடுதியை விட்டுச் சென்றுவிட்டார். மாத இறுதிக்குள் வந்து சேர்ந்தால் இடம் அவருக்கே இருக்கும். இல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும்.

அவள் தணிந்த குரலில் பேசினாள்.

"தபால்காரர் என்ற கையில குடுத்தாருங்கண்ணா. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டோணும்னு பிரிச்சேன். படிச்சதும் தெரிஞ்சு போச்சு, சர்டிபிகேட் கதை பொய்யின்னு. அப்பாகிட்ட சொல்லியிருந்தா உங்களை அன்னிக்கே பஸ் ஏத்தி உட்டிருப்பாரு. நான் சொல்லலை. நம்ம ஊட்டுப் பெட்டிக்கு அடியில வச்சுக்கிட்டேன்."

"ஏன்?" என்றேன்.

"நீங்க படிச்சா நான் படிக்க முடியாதுல்லங்க." அவள் அழவில்லை. "நீங்க ஊட்டுக்குத் திரும்பி வந்தன்னிக்கு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. உங்களுக்கு எடம் கெடைச்ச நாள்லருந்து உங்க மேல அத்தனை பொறாமை எனக்கு. நேத்து மேடையில அந்தப் பொய்யை என்ற வாயாலயே சொன்னேன். அதுக்கப்புறம் இதைக் கையில வச்சுக்க முடியலைங்கண்ணா."

கண்டக்டர் விசில் அடித்தார். டிரைவர் கிளாஸை வைத்துவிட்டு ஏறினார். அவள் படிக்கட்டில் ஒரு காலை வைத்துத் திரும்பிக் கேட்டாள்.

"நான் இதை அப்பாகிட்ட படிச்சுக் காட்டியிருந்தா, போயிருப்பீங்களாங்கண்ணா?"

அந்தக் கேள்வி காதில் விழுந்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை. நிம்மதி. முப்பது வருஷமாகக் காரணமில்லாமல் எரிந்த வயிற்றுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. என் இடத்தை இவள் எடுத்துக்கொண்டாள், கையில் அத்தாட்சி இருக்கிறது. அவள் முகம் என் பதிலுக்காகக் காத்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

"போயிருப்பேன்" என்றேன்.

அவள் ஏறி, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் ஏரியைச் சுற்றிக்கொண்டு கீழே போயிற்று.

அதற்குப் பிறகு மூன்று வைகாசி வந்துபோயிற்று, அவள் வரவில்லை. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் வரும். நான் வாங்கிப் பேசினால், நல்லாயிருக்கீங்களாங்கண்ணா என்பாள், அதற்கு மேல் பேச்சு நீளாது. கப்பலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள், ஆபீசிலேயே இருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, முடியலைங்கம்மா என்றாளாம்.

வரைபடத்தை எஸ்டேட் ஆபீசில் என் மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். இப்போது அதைச் சரியாகப் படிக்கத் தெரியும். நாற்பதிலிருந்து எழுபதுக்கு ஆறு ஒழுங்காக இறங்குகிறது. மணல்மேடுகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன, அவற்றுக்குப் பின்னால் உப்பங்கழி பள்ளமாகக் கிடக்கிறது. ஒரு கோடுகூடத் தப்பில்லை. இவ்வளவு சுத்தமாக என்னால் போட்டிருக்க முடியாது என்பது பார்க்கப் பார்க்கத் தெரிகிறது. அதற்கும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் நான் இதுவரை எழுதவில்லை. கல்லூரியிலிருந்து கடிதம் வரும் என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்த பிறகு ஒரு மாதம், தபால்காரர் லைனுக்கு வரும் நேரத்தில் நான் வீட்டில் இருக்க மாட்டேன். கவரோடு வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாரோ என்று காபிச் செடிகளுக்குள் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். அவர் சைக்கிள் மணி தேய்ந்து மறைந்த பிறகுதான் எழுவேன். வாங்க வேண்டியவன் ஒளிந்துகொண்டதால்தான் அந்தக் கடிதம் அவள் கைக்குப் போயிற்று.

இதை முதலில் அவளுக்குத்தான் தபாலில் அனுப்பப் போகிறேன். படித்துவிட்டு என்னோடு பேசாமல் போனாலும் சரி, கப்பலுக்குப் போகட்டும். நீ கேட்டாய் அல்லவா கண்ணு, போயிருப்பீர்களா என்று. அப்பா பஸ் ஏற்றி விட்டிருந்தாலும் நான் பாதி மலையில் இறங்கித் திரும்பி நடந்திருப்பேன். போயிருக்க மாட்டேன்.